வாவிக்கரைக்காக ஒரு விண்ணப்பம்

சுற்றாடல் பாதுகாப்புப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மரத்தையும் மீனையும் கடலையும் பற்றியே பேசுகிறோம். அவற்றைப் பாதுகாப்பதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, யார் அதைக் கேட்டுப் பெறுகிறார்கள், கேட்கும்போது என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்பவற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. சமூகவியல் படித்துவிட்டு மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் பத்து வருடங்களாகச் சமூக சேவையாளராக வேலை செய்து வருகிறேன். இந்தக் காலத்தில் நான் கண்டது இதுதான்: ஒரு கிராமத்தின் கரைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை, பல வேளைகளில் ஒரு விண்ணப்பப் படிவம் முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறது. அந்தப் படிவத்தை நிரப்பும் மேசையில் எமது பெண்கள் இருப்பதில்லை. இறுதிப் பக்கத்தில் கையெழுத்திடுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரச் சூழலுக்கென்று எமது நாட்டுக்கு வந்த உதவிகள் ஏராளம். ‘எதிர்காலத்துக்கான கண்டல்கள்’ என்ற பெயரில் 2006இல் இந்து சமுத்திர நாடுகளில் தொடங்கப்பட்ட திட்டம், பெரிய வேலைகளுடன் கிராம மட்ட அமைப்புகளுக்கான சிறு நிதியுதவிகளையும் வழங்கியது. அத்திட்டம் இப்போது முடிவடைந்துவிட்டது. அதற்கு முன்னரே, 1992இல் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு நிதியுதவித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தினூடாக நடைபெறும் இதற்குக் கிராமச் சங்கங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஒரு செயற்றிட்டத்துக்கு 50,000 அமெரிக்க டொலர் வரை என்பது நெடுங்காலமாக அதன் உச்சவரம்பாக இருந்தது. இவற்றைவிட வெளிநாட்டு அரச சார்பற்ற நிறுவனங்கள், தூதரகங்கள், தனியார் கம்பனிகள் என்று பல கதவுகள் உள்ளன. ஆகவே பணமே இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடைபெற்ற கண்டல் மீள்நடுகைகளை உள்நாட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்த்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிருடன் இருக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் தப்பியிருந்தவை மூன்று இடங்கள் மாத்திரமே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மொத்தத்தில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை மீள்நடுகை மேற்கொள்ளப்பட்டிருக்க, தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் வரைதான். ஐந்தில் ஒரு பங்கு!

கன்றுகள் ஏன் இறந்தன? பொருத்தமற்ற இடத்தில் நட்டது, நட்டபின் பராமரிக்காதது, மாடுகள் மேய்ந்தது ஆகியவை முக்கியமான காரணங்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பட்டது முண்டுவேர் விடும் கண்டல் இனம். இதன் காய் மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்திவிட்டால் நடுகை முடிந்தது. படம் எடுப்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் எமது நாட்டின் கடல் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானது. நிலம் ஒரு சாண் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் கன்றுக்கு வாழ்வா சாவா என்ற நிலைதான். எமது வாவியில் கடலின் வற்றுப்பெருக்கை விடவும் மாரி வெள்ளமும் முகத்துவாரம் திறப்பதும் மூடுவதுமே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஆடி மாதத்தில் கரையாகத் தெரியும் இடம் மார்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்.

இந்தத் தவறுகளின் விதை படிவத்திலேயே இருக்கிறது. ‘எத்தனை கன்றுகள் நடப்படும்?’ என்று கேட்கும் கட்டம் அதில் இருக்கும். ‘மூன்றாம் வருடத்தில் எத்தனை உயிருடன் இருக்கும்?’ என்று கேட்கும் கட்டத்தை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். செயற்றிட்டக் காலம் பன்னிரண்டு மாதம். ஒரு கண்டல் மரமாவதற்கு அது போதாது. ஆனால் இறுதி அறிக்கை எழுதுவதற்குப் போதும்.

எங்களைப் பற்றி எழுதியிருந்தது

2021இல் நான் வேலை செய்த ஒரு வாவிக்கரைக் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இப்படியான ஒரு நிதியுதவிக்கு விண்ணப்பிக்க விரும்பியது. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரக் கண்டல்கள் வெட்டப்பட்ட ஊர் அது. அங்குள்ள பெண்களில் பலர் அத்தாங்கு கொண்டு இறால் பிடிப்பவர்கள். சிலர் கருவாடு போடுபவர்கள். இன்னும் சிலர் பன் பிடுங்கிப் பாய் இழைப்பவர்கள். இறால் குறைந்துவிட்டது என்பதை அவர்களுக்கு யாரும் விழிப்புணர்வூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் கொண்டுவரும் கூடையின் பாரமே அதைச் சொன்னது.

நகரத்திலுள்ள ஒரு நிறுவனம் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்தது. சங்கத் தலைவியும் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட வேண்டும், நாட்கள் குறைவு என்று சொன்னார்கள். கையெழுத்திடுபவர்களே பணத்துக்குப் பொறுப்பாளிகள் என்பதால், முழுவதையும் தமிழில் வாசித்த பின்னரே ஒப்பமிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். முன்பள்ளிக் கட்டடத்தில் இருபத்தைந்து பெண்கள் பாயில் இருக்க, நான் வசனம் வசனமாக மொழிபெயர்த்து வாசித்தேன்.

‘பிரச்சினையின் பின்னணி’ என்ற பகுதியில் இவ்வாறு இருந்தது: இக்கிராமத்துப் பெண்கள் வருமானமற்றவர்கள், சுற்றாடல் பற்றிய அறிவின்மையால் விறகுக்காகக் கண்டல் மரங்களை வெட்டி அழிக்கின்றார்கள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எல்லோரும் பெத்தா என்று அழைக்கும் ஒரு முதியவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“ஆருகா இத எழுதின? நாங்க பட்ட கொப்பத்தானே பொறுக்கிற. பச்சக் கண்டல வெட்டி எரிச்சா கண்ணுக்குள்ள புகைதான் வரும். தில்லைய வெட்டினா பால் பட்டுக் கண்ணே போயிரும். இது தெரியாமலா புள்ள இவ்வளவு காலமும் சோறு ஆக்கின?”

இன்னொருவர் கேட்டார்: “வருமானமில்லையெண்டா விடிய நாலு மணிக்கு நாங்க ஏன் தண்ணிக்குள்ள இறங்குற?”

எழுதியவர் தீய எண்ணத்துடன் எழுதியிருக்க மாட்டார். நிதி வழங்குபவர்களுக்கு ஒரு பிரச்சினை தேவை, பிரச்சினைக்கு ஒரு காரணகர்த்தா தேவை, ‘விழிப்புணர்வுக் கருத்தரங்கு’ என்ற செலவுத் தலைப்புக்கு அறிவில்லாத ஒரு கூட்டம் தேவை. இந்த வாய்ப்பாட்டில் ஏழைப் பெண் எப்போதும் பொருந்திவிடுகிறாள். ‘பயனாளி’ என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அது ஒரு சாதாரணக் கலைச்சொல்லாகவே தெரிந்தது. அன்று அந்தப் பாயில் இருந்தபோதுதான், எதையும் தராமல் வாங்கிக்கொள்பவர் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருப்பது விளங்கியது.

அன்று கையெழுத்து வைக்கப்படவில்லை. அந்தப் பகுதியைப் பெண்களே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீதியோரக் கண்டல் எப்போது போனது, எந்தப் பக்கத்தில் மண் போட்டு நிரப்பினார்கள், எந்த மதகு அடைபட்டது, மீன்குஞ்சு நிற்கும் இடம் எது என்று நான்கு பக்கங்கள் வந்தன. பச்சை மரத்தை வெட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் செல்பவர்கள் வெளியூர்க்காரர் என்பதும் வந்தது. அதற்கு மேல் எந்தக் கள ஆய்வு வேண்டும்?

பத்தாயிரமா, இரண்டாயிரமா

வரைவில் பத்தாயிரம் கன்றுகள் என்று போடப்பட்டிருந்தது. நடும் இடமாகக் காட்டப்பட்டிருந்தது ஊருக்கு முன்னாலுள்ள சேற்றுத்திடல். பெண்கள் அத்தாங்கு போடும் இடமே அதுதான்! அங்கு இயற்கையாக ஒரு கண்டலும் முளைத்ததில்லை. “முளைக்கிற இடமெண்டா அது தன்ர பாட்டில முளைச்சிருக்குமே” என்று ஒரு தாய் சொன்னார். கண்டல் மீளுருவாக்கம் பற்றி எழுதும் அறிஞர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. விதைகளைத் தண்ணீரே கொண்டுவந்து சேர்க்கும். அப்படியும் ஓரிடத்தில் முளைக்கவில்லையென்றால், ஏன் முளைக்கவில்லை என்பதை அறிந்த பின்னரே கையில் கன்றை எடுக்க வேண்டும். பல இடங்களில் அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே போதும்.

ஆகவே திட்டம் மாறியது. அடைபட்ட மதகைத் துப்புரவு செய்வது, அதற்குப் பின்னாலுள்ள தாழ்நிலத்தில் இரண்டாயிரம் கன்றுகளை நடுவது, பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வயலிலிருந்து விரட்டப்பட்டு வாவிக்கரைக்கு வரும் மாடுகளைத் தடுக்க வேலி போடுவது, இரண்டு வருடங்கள் பராமரிப்பது என்று எழுதினோம். கண்டலை மட்டும் நடாமல் கண்ணாவையும் சேர்த்துக்கொண்டோம். மாரி வெள்ளம் எதுவரை வரும் என்பதைப் பெத்தாவே கரையில் நடந்து காட்டினார். அவர் காட்டிய இடங்களில் தடிகளை நட்டு, அவற்றுக்கு மேலேயும் கீழேயும் எது எதை நடுவது என்று தீர்மானித்தோம்.

இருக்கும் மரத்தைக் காப்பது புதிதாக நடுவதைவிட மலிவானது என்பதையும் விண்ணப்பத்தில் சேர்த்தோம். இதற்கு எமது நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2015இல் சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீகொலொஜி அமைப்பும் அரசாங்கத்துடன் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. கரையோரப் பெண்கள் 15,000 பேருக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது, அவர்கள் தமது ஊர்க் கண்டல்களைக் காப்பது என்பதே அதன் ஏற்பாடு. பெண்களை மரத்தின் எதிரிகளாகப் பாராமல் காவலர்களாகப் பார்த்ததுதான் அதில் எனக்குப் பிடித்த விடயம்.

நாட்கூலியின் விலை

விண்ணப்பத்தில் ‘சமூகத்தின் பங்களிப்பு’ என்று ஒரு நிரல் உண்டு. கிராமத்தவர்கள் இலவசமாகத் தரும் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டு அங்கே காட்ட வேண்டும். வரைவில் ஆணின் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு தொகையும், பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கும் போடப்பட்டிருந்தன. ஊரில் அதுதானே வழக்கம் என்றார்கள். சேற்றில் இறங்கிக் கன்று நடுவதில் ஆணின் நாளுக்கும் பெண்ணின் நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று பொருளாளர் கேட்டார். பதில் இல்லாதபடியால் இரண்டும் ஒரே தொகையாக எழுதப்பட்டன. பெண்களின் உழைப்பு முழு விலையில் எழுதப்பட்டதும் சங்கத்தின் பங்களிப்பு எவ்வளவு பெரியது என்பது தாளில் தெரிந்தது. ‘இவ்வளவு நாங்களா குடுக்கிறம்?’ என்று அவர்களே வியந்தார்கள். அத்துடன் கூட்டங்களுக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவருக்கான சிறு கொடுப்பனவையும் சேர்த்தோம். இதை எழுதாவிட்டால் இளந்தாய்மார் எவரும் வர மாட்டார்கள் என்பது எனது அனுபவம்.

பணம் எந்தச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வருவது என்பதிலும் பிரச்சினை எழுந்தது. “நீங்க நடுங்க, காச நாங்க பாப்பம்” என்று ஆண்களின் சங்கத்தில் ஒருவர் சொன்னார். இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. இறுதியில் மாதர் சங்கமே விண்ணப்பதாரர் என்றும், ஆண்களின் சங்கம் தோணிகளும் ஆதரவுக் கடிதமும் தருவது என்றும் முடிவானது. இந்த முடிவையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி எல்லோரும் ஒப்பமிட்டோம்.

ஒப்பந்தத்துக்குப் பின்னர்

முதலில் அனுப்பிய இடத்திலிருந்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. எதிர்பார்க்கப்படும் பெறுபேறு போதாதாம். பத்தாயிரம் என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்கலாம் என்று சிலர் மனம் வருந்தினார்கள். பெத்தா மட்டும், “எட்டாயிரத்தச் சாகக் குடுக்கிறதுக்கா காசு?” என்று கேட்டார். சில வாரங்களுக்குப் பின்னர், கேட்டதைவிடக் குறைந்த தொகைக்கு, இரண்டு வருடக் காலத்துடன் இன்னொரு நிறுவனம் சம்மதித்தது.

ஒப்பந்தம் ரூபாவில் எழுதப்பட்டிருந்தது. 2022 மார்ச் மாதம் ரூபா சரிந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. வேலிக் கம்பியின் விலை எமது வரவு செலவுத் திட்டத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. சங்கம் ஒரு கடிதம் எழுதி, கம்பிக்கான பணத்தின் ஒரு பகுதியை வேறு தலைப்புக்கு மாற்ற அனுமதி பெற்றது. மேட்டுப் பக்கத்தில் கிளிசரியாக் கதியால் நட்டு, உவர்ப் பக்கத்துக்கு மட்டும் கம்பி வாங்கினோம். அதே காலத்தில் சமையல் எரிவாயுவும் இல்லை. நாடு முழுவதும் அடுப்புக்கு விறகு தேடியது. எமது கரைக்கும் கத்தியோடு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் முறை வைத்துக் காவல் நின்றார்கள். பட்ட கொப்பு யாரும் எடுக்கலாம், பச்சை மரத்தில் எவரும் கை வைக்கக் கூடாது என்பதே சட்டம். அந்த மாதங்களில் அவர்கள் காத்த பழைய மரங்களின் பெறுமதிக்கு எந்த அறிக்கையிலும் நிரல் இருக்கவில்லை. நாங்கள் ஒரு தாளை இணைத்து அனுப்பினோம்.

இரண்டு வருடம் முடிந்தபோது நட்டவற்றில் பாதிக்கு மேல் நின்றன. மதகுக்குப் பின்னால் யாரும் நடாத கன்றுகளும் முளைத்திருந்தன. இறால் கூடிவிட்டது என்று சொல்ல இன்னும் காலம் போதாது. கன்றுகளை எண்ணியது சங்கப் பெண்கள்தான். ஒரு அப்பியாசக் கொப்பியில் மாதந்தோறும் எழுதினார்கள். நிதி முடிந்த பின்னரும் அந்தக் கொப்பி தொடர்கிறது.

சகோதரிகளுக்கு

உங்கள் ஊரிலும் இப்படியான வாய்ப்பு வரலாம். அதற்குச் சில ஆயத்தங்களை இப்போதே செய்து வைப்பது நல்லது. சங்கத்தின் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். கணக்கறிக்கையும் கூட்டக் குறிப்பேடும் ஒழுங்காக இருக்கட்டும். முதலில் கேட்கப்படுவது இவைதான். நடும் இடம் யாருடைய பொறுப்பிலுள்ள காணி என்பதை அறிந்துகொள்ளுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி கரையோர வலயம் நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை செல்கிறது. வாவியும் ஆறும் கடலோடு சேருமிடங்களில் 2 கிலோமீற்றர் வரை உள்ளே வருகிறது. கண்டல் காடுகள் வனத் திணைக்களத்தின் கீழும் வரலாம். பிரதேச செயலகத்திலும் உரிய திணைக்களங்களிலும் கடிதம் பெறுவதற்கு விண்ணப்பம் எழுதுவதைவிட அதிக காலம் எடுக்கும். ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள். பராமரிப்புச் செலவை இரண்டு வருடத்துக்காவது கேளுங்கள். விலையேற்றத்துக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். உங்கள் உழைப்பை முழு விலையில் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பெயரில் போகும் எதுவும் உங்களுக்கு விளங்கும் மொழியில் உங்கள் முன்னால் வாசிக்கப்பட வேண்டும். ஆங்கிலம் தெரியாதது குறையல்ல. வாவியைத் தெரியாமல் வாவியைப் பற்றி எழுதுவதுதான் குறை. நாளை யாராவது ஒரு கோவையோடு வந்து, “கையெழுத்தை மட்டும் போடுங்கோ, மற்றதை நாங்கள் பார்க்கிறோம்” என்று சொன்னால், கதிரை போட்டு இருத்தித் தேநீர் கொடுங்கள். பிறகு முதற் பக்கத்திலிருந்து தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க வாசிக்கத் திருத்துங்கள். நேரமில்லை என்று அவர் எழுந்தால் போகட்டும். விண்ணப்பத் திகதி இன்னொரு முறை வரும். நமது கரை ஒன்றுதான் இருக்கிறது.